ரெய்டு போட்டதும் ஒரு டிஸ்கைக் கழற்றுவேன்

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களுக்கு டெஸ்க்டாப்பில் ரெய்டு அமைத்துத் தருவது என் வேலையில் பெரும்பகுதி. ரெய்டு என்பது பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் கோப்புகள் தப்பும்படி வைக்கும் முறை. வழக்கமாக 4 டிபி ஹார்டு டிஸ்க் நாலு, உபுண்டு லினக்ஸ், அதில் ரெய்டை நடத்தும் எம்டிஏடிஎம் மென்பொருள். ரெய்டு 10 போட்டால் டிஸ்குகள் ஜோடி ஜோடியாக நிற்கும், ஒரு ஜோடியின் இரண்டிலும் ஒரே தகவல் இருக்கும்; அதனால் 16 டிபியில் 8 டிபிதான் கையில் நிற்கும்.

"நாலு டிஸ்குக்குக் காசு வாங்கிட்டு ரெண்டு டிஸ்க் இடம்தான் தர்றீங்களா தம்பி?" என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு டிஸ்க் அளவு இடத்தை மட்டும் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்ளும் ரெய்டு 5 என்றால் 12 டிபி கிடைக்கும். ஆனால் ஒரு டிஸ்க் போய்விட்டால், மிச்சம் மூன்றையும் முழுசாகப் படித்துத்தான் புது டிஸ்கை நிரப்ப முடியும். அதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. ரெய்டு 10-இல் ஜோடி டிஸ்கை மட்டும் படித்தால் போதும். அந்த ஜோடி போனால் இதிலும் ஆபத்துதான்; அடுத்த ஜோடியில் ஒன்று போனால் தாங்கும். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாதே. அதனால் நான் 10-ஐத்தான் சொல்வேன்.

ரெய்டை உருவாக்கும் கட்டளை ஒரே வரி. எனக்கு நேரம் பிடிப்பது லேபிள் ஒட்டுவதில். லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் அடுத்த முறை ஆன் செய்யும்போது இடம் மாறலாம். மாறாதது சீரியல் நம்பர். அதன் கடைசி நாலு எழுத்தைக் காகித டேப்பில் எழுதி, கேபிள் மாட்டும் பக்கம் ஒட்டுவேன். கேபினெட்டைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும். பழுதான டிஸ்க் என்று நினைத்து அதன் ஜோடியான நல்லதை உருவிவிட்டால் அந்த ஜோடியே போய்விடும்.

அப்புறம், வேலைக் கோப்புகள் ஏறுவதற்கு முன்னால், மெஷினை அணைத்து ஒரு டிஸ்கைக் கழற்றச் சொல்வேன். முதலாளியின் கையால்தான். ஆன் செய்ததும், ரெய்டின் நிலவரம் காட்டும் வரியில் டிஸ்குக்கு ஒன்றாக நாலு 'யு' இருந்த இடத்தில் ஒன்று போய் அடிக்கோடு நிற்கும். சோதனைக்குப் போட்ட வீடியோ மட்டும் தடையில்லாமல் ஓடும். பிறகு அந்த டிஸ்கிலிருந்து ரெய்டு அடையாளத்தை அழித்துவிட்டுச் சேர்ப்பேன். அழிக்காமல் சேர்த்தால், எந்தப் பகுதி மாறியது என்று ரெய்டு வைத்திருக்கும் குறிப்பான பிட்மேப்பைப் பார்த்து, மாறிய பகுதியை மட்டும் சரிசெய்து சட்டென்று முடித்துவிடும். புது டிஸ்கில் அப்படி நடக்காது. நொடிக்கு 150 எம்பி வேகம் என்றாலும் 4 டிபி நிரம்ப ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகூர்த்த மாதத்தில் அது எவ்வளவு நீளம் என்பதை அவர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

டிஸ்க் போனால் போனுக்கு மெயில் வரும்படியும் அமைத்துவிடுவேன். இல்லையென்றால் மூன்று டிஸ்கிலேயே மாதக்கணக்கில் ஓடும், யாருக்கும் தெரியாது.

"சரி, இனி பேக்கப் வேண்டாமில்ல?" என்பார்கள். வேண்டும். ஒரு ஃபோல்டரை டெலீட் செய்தால் ஜோடியின் இரண்டு டிஸ்கிலிருந்தும் அது ஒரே நேரத்தில் போய்விடும். அதனால் வெளியே வைக்கும் யூஎஸ்பி டிஸ்கின் விலையையும் சேர்த்துத்தான் கொட்டேஷன் கொடுக்கிறேன். அதை வெட்டச் சொன்னால் அந்த வேலையை எடுப்பதில்லை.