முகத்தில் கடல்: தாளில் ஒரு சிறிய எண்ணெய் ஓவியம்

எண்ணெய் வண்ணத்துக்கு கேன்வாஸ்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் வெறும் தாளில் தீட்டினால் வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெயைத் தாள் குடித்துவிடும். தீட்டிய இடத்தைச் சுற்றி எண்ணெய் வளையம் கட்டும். வருடங்கள் போகப் போகத் தாள் பழுப்பேறி நொறுங்கும். அதனால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாளில் இரண்டு பக்கமும் கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசினேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் வளைந்துகொள்ளும். முன்பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டியாயிற்று. அளவு 5க்கு 7 அங்குலம்.

கடற்கரையில் நிற்கும் தோழியின் புகைப்படம்தான் மாதிரி. பின்னணியில் அலை, படகு எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அதெல்லாம் காலண்டர் படத்துக்குச் சரி. கடல் முகத்தின் நிழலில் தெரிந்தால் போதும். திறந்தவெளியில் வெயில் படாத கன்னத்தில் வானத்தின் நீலம்தானே விழுகிறது?

முட்டைக்கருவில் வண்ணம் குழைத்துத் தீட்டிய இத்தாலியின் பழைய டெம்பரா ஓவியர்கள் தோல் நிறத்துக்கு அடியில் பச்சை மண் வண்ணம் பூசுவார்கள். மேல்பூச்சு தேய்ந்த படங்களில் முகம் பச்சையாகவே தெரியும். அந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டேன். விரிடியன் என்ற குளிர்பச்சையோடு கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு கலந்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முகம் முழுவதையும் இந்த ஒரே நிறத்தில் போட்டேன். அம்பர் சீக்கிரம் காயும், அது ஒரு வசதி. ஜன்னல் திறந்திருக்கட்டும், டர்பன்டைன் வாடை தலைவலி தரும்.

அடுத்த பூச்சில் எண்ணெய் கொஞ்சம் கூட வேண்டும். கீழே எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால் பின்னால் வெடிப்பு விடும். யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், டைட்டானியம் ஒயிட், துளி சிவப்பு. வெளிச்சம் விழும் நெற்றி, மூக்கு, கன்ன மேடு இவற்றில் மட்டும் தடிமனாக வைத்தேன். தாடைக்குக் கீழே அடிப்பச்சையை அப்படியே விட்டேன். பச்சைக்குப் பக்கத்தில் சாதாரண ஆக்கர்கூட ரத்த ஓட்டத்தோடு சிவந்து தெரிகிறது. தனியாகச் சிவப்பைக் கூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கன்னமும் காற்றில் பறக்கும் முடியும் சேரும் ஓரம். பிரஷைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த வண்ணத்தை அழுத்தாமல் இழுத்தேன். தாளின் மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டி, பள்ளங்களில் பச்சை புள்ளி புள்ளியாக நின்றது. உப்புக்காற்று அடித்த தோல் போலவே இருந்தது. வழவழ பலகையில் இது வராது.

முடிக்குப் பிரஷ்யன் ப்ளூ என்ற அடர்நீலம். குண்டூசி முனையளவு தொட்டாலே கலவை முழுவதையும் விழுங்கிவிடும் நிறம் அது. கண்ணுக்கு இமைமுடி வரையவில்லை. இந்த அளவில் ஒரு கருநிழலும் ஒரு வெள்ளைப் பொட்டும் போதும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள். படம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் டேப்பை மெதுவாக உரித்தேன். உள்ளே முழுக்கக் காய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வார்னிஷைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். சட்டம் போடும்போது கண்ணாடி வண்ணத்தில் படாதபடி சுற்றிலும் தடிமனான மவுண்ட் அட்டை வைக்கச் சொல்ல வேண்டும்.