முக்கால் இஞ்ச்

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஒயர்மேனாகச் சேர்ந்த புதிது. ஸ்பின்னிங் ஷெட்டில் பழைய இரும்பு கண்டியூட் (ஒயர் போகிற பைப்) ஒன்று துருவேறி நடுவில் அற்றுப் போயிருந்தது. "தம்பி, முக்கால் இஞ்ச் கப்ளிங் நாலு வாங்கிட்டு வந்துரு" என்றார் சீனியர் அண்ணன். ரெண்டு பைப்பை இணைக்கிற மூட்டுதான் கப்ளிங். வாங்கி வந்தேன், தண்ணிக் குழாய் விற்கிற கடையில். மாட்டிப் பார்த்தால், அப்பன் சட்டையை மகன் போட்ட மாதிரி தொளதொளவென்று தொங்கியது.

அண்ணன் திட்டவில்லை. விட்டம் அளக்கிற வெர்னியரை எடுத்து நீட்டினார். கண்டியூட்டின் வெளி விட்டம் 19 மில்லிமீட்டருக்கு மயிரிழை அதிகம். ஸ்டோரில் கிடந்த முக்கால் இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணிக் குழாயோ கிட்டத்தட்ட 27. குழாய்க்காரருக்கு முக்கால் என்பது உள்துளை, அதுவும் பேருக்குத்தான். கண்டியூட்டில் அது வெளி விட்டம்.

சரி என்று கரண்ட் சாமான் கடையிலேயே 20 எம்எம் இரும்புக் கப்ளிங் வாங்கினேன். அது இன்னும் மோசம், ஏனென்றால் அது ஏறியது. பழைய பைப்பில் இஞ்ச் மரை, புதுசில் மில்லிமீட்டர் மரை. நுனியில் லேசாகக் கவ்விக்கொண்டு ஆடும். சுத்தமாகப் பொருந்தாத சாமானாவது திரும்பக் கடைக்குப் போகும்.

அவசரத்துக்கு நான் செய்தது இதுதான்: அற்ற இடத்தில் ரெண்டு மீட்டர் பிவிசி பைப். இரு முனையையும் சூடு காட்டி விரித்து, இரும்பின் மேல் ஏற்றி, டேப் சுற்றினேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

சில மாதம் கழித்து ஸ்பின்னிங் மெஷின் பார்க்கிற சைடர் அக்கா ஒருவர் வந்தார். "ஏந்தம்பி, அந்தப் பைப்புல கை பட்டாச் சுர்ருங்குதே, என்னன்னு பாருங்க."

அந்த லைனில் தனி எர்த் கம்பி கிடையாது, பைப்பேதான் எர்த். நடுவில் நான் பிவிசியைச் செருகியதும் அந்தப் பக்கத்து இரும்பு அந்தரத்தில் நின்றது. அதோடு, ரம்பத்தில் அறுத்த வாயின் பிசிறை அரம் போட்டு எடுக்கவில்லை, ஒயரைக் காக்க வாயில் மாட்டுகிற புஷ்ஷும் போடவில்லை. மெஷின் அதிர்வில் ஒயரின் தோல் அங்கே உரசிப் போயிருந்தது. கரண்ட் போக வழியில்லாததால் தானாக விழ வேண்டிய எம்சிபி சுவிட்சும் விழவில்லை. அக்காவின் கைதான் வழி. நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு.

அன்றைக்கே பிரித்தோம். இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி வைத்து, பழைய பைப்புக்கு டையால் அதே இஞ்ச் மரை வெட்டிச் செக்நட்டால் இறுக்கினோம். பிவிசி, அடாப்டர் வழியாகப் பெட்டிக்குள் வந்தது. பச்சைக் கம்பி ஒன்றை முழு நீளத்துக்கும் இழுத்து, இரும்புத் துண்டு ஒவ்வொன்றிலும் கிளாம்ப் போட்டோம். பிவிசிக்குப் பிவிசி சேர்ப்பதில் அளவுத் தொல்லை குறைவு. லைட், மீடியம், ஹெவி எதுவானாலும் வெளி விட்டம் ஒன்றுதான், அதனால் ஒரே பெண்டு (வளைவுத் துண்டு) சேரும். ஹெவியில் உள்ளே இடம் குறையும், ஒயர் இழுக்கும்போதுதான் தெரியும்.

கடைக்குப் போனால் இப்போதும் "முக்கால் இஞ்ச்" என்று கேட்பதில்லை. பழைய பைப்பில் நாலு விரல் நீளத் துண்டைக் கையோடு கொண்டுபோகிறேன். அந்த ஜிஐ கப்ளிங் நாலும் எலெக்ட்ரிக்கல் ரூமில்தான் இருக்கின்றன. ஆடிக் காற்றுக்கு லாக்புக் பறக்காது.