கச்சேரி மேடையில் ஒரு பழைய மியூசிக்கல்: தயாரிப்புக் குறிப்புகள்

செப்டம்பர் 8

சீசனின் இரண்டாவது நாடகம் முடிவாகிவிட்டது: ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’. இசை ரிச்சர்ட் ராஜர்ஸ், பாட்டு லோரன்ஸ் ஹார்ட். 1937 ஏப்ரலில் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேக்கு வந்து 289 காட்சிகள் ஓடியது. ‘மை ஃபன்னி வாலன்டைன்’, ‘தி லேடி இஸ் எ டிராம்ப்’, ‘வேர் ஆர் வென்’ மூன்றும் இதில் பிறந்தவைதான். பாட்டுகளை ஊரே முணுமுணுக்கிறது, நாடகத்தைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். கச்சேரி வடிவத்துக்கு இதைவிடத் தோதான சரக்கு கிடைக்காது.

கச்சேரி வடிவம் என்றால் செட் கிடையாது, ஆர்க்கெஸ்ட்ரா மேடைக்கு முன்னால் இருக்கும் தன் பள்ளத்தை விட்டு மேடைக்கே ஏறிவிடும், நடிகர்கள் கையில் ஸ்கிரிப்டை வைத்துக்கொள்ளலாம். நியூயார்க் சிட்டி சென்டரில் ‘என்கோர்ஸ்’ தொடர் 1994இல் தொடங்கியது இப்படித்தான். முதல் சீசனில் ‘ஃபியொரெல்லோ’, ‘அலெக்ரோ’, ‘லேடி இன் தி டார்க்’ மூன்றையும் போட்டார்கள். 1996இல் அங்கே போட்ட ‘சிகாகோ’ அதே வருஷம் பிராட்வேக்குப் போய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது லாட்டரிச் சீட்டு. அந்த நினைப்பில் நாடகம் தேர்ந்தெடுத்தால் தேர்வு கெட்டுப்போகும்.

செப்டம்பர் 15

எந்தப் பிரதி? இதை முடிவு செய்யாமல் வேறு எதையும் தொடக்கூடாது. 1959இல் ஜார்ஜ் ஓப்பன்ஹைமர் கதையை மாற்றி எழுதினார். கோடைக்கால நாடகக் கொட்டகை ஒன்றில் நடக்கும் கதையாக அதை ஆக்கினார். பல காலம் வாடகைக்குக் கிடைத்தது அந்தப் பிரதிதான். 1937 மூலத்தில் பெற்றோர் வோட்வில் (பாட்டு, ஆட்டம், நகைச்சுவை கலந்த மேடைக் கதம்பம்) நடிகர்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய்விட, பிள்ளைகள் தங்களைப் பண்ணை வேலைக்கு அனுப்பாமல் தடுக்க ஒரு ஷோ போடுகிறார்கள். அரசியல் வம்பும் நிறவெறிச் சண்டையும் உண்டு. 59இல் இவற்றையெல்லாம் வழித்தெடுத்துவிட்டார்கள். ‘என்கோர்ஸ்’ 1999இல் மூலத்துக்கே போனது. நாமும் மூலம்தான்.

அனுமதிக் கடிதத்தில் நாடகத்தின் பெயரை மட்டும் எழுதினால் 59ஆம் ஆண்டுப் பிரதி வந்து சேரலாம். எந்த லிப்ரெட்டோ (கதை வசனப் பிரதி), எந்த ஆர்க்கெஸ்ட்ரேஷன் (எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்று பிரித்து எழுதியது), எத்தனை காட்சி, வசனம் வெட்டவும் சுருதி மாற்றவும் உரிமை உண்டா என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி 1937இல் வெளியான படைப்புக்கு 95 ஆண்டுக் காப்பு. 2032 முடியும்வரை எதையும் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

செப்டம்பர் 29

இசைத்தாள்கள் வந்தன. பழைய மியூசிக்கல்களின் ஆர்க்கெஸ்ட்ரேஷன் கைக்குக் கிடைப்பதே பாதி அதிர்ஷ்டம். நாடகம் இறங்கிய மறுநாள் அவை குப்பைக்குப் போகும், இல்லாவிட்டால் பதிப்பாளரின் கிடங்குக்குப் போகும். 1982இல் நியூஜெர்சி சிகாக்கஸில் ஒரு கிடங்கைத் திறந்தபோது கெர்ஷ்வின், கெர்ன், போர்ட்டர், ராஜர்ஸ் ஆகிய இசையமைப்பாளர்களின் கையெழுத்துப் பிரதிகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. இந்த நாடகத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரேஷன் செய்தவர் ஹான்ஸ் ஸ்பியாலெக். அவர் ஆர்க்கெஸ்ட்ரேஷன் செய்த இன்னொரு நாடகமான ‘ஆன் யுவர் டோஸ்’ 1983இல் அதே பழைய ஆர்க்கெஸ்ட்ரேஷனோடு திரும்ப மேடையேறியது. அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

முதல் நாள் வேலை இசையைப் பற்றியதே அல்ல. எண்ணிக்கை மட்டும். ஒரு அட்டவணை: வரிசைக்கு ஒரு பாட்டு எண், நெடுக்கே ஒவ்வொரு வாத்தியம், கட்டத்தில் பார்களின் (நம் ஆவர்த்தனம் போன்ற தாளக் கட்டுகளின்) எண்ணிக்கை. எல்லாக் கட்டமும் ஒத்துப்போனால் அடுத்த பாட்டு. ஒத்துப்போகாவிட்டால் முதலில் வேம்ப் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வசனம் முடியும்வரை சுற்றிச் சுற்றி வாசிக்கும் அந்த இரண்டு பாரை ஒருவர் ரிப்பீட் குறி போட்டு இரண்டாக எழுதியிருப்பார், இன்னொருவர் விரித்து நான்காக எழுதியிருப்பார். அடுத்த சந்தேகம் பழைய வெட்டு. யாரோ எட்டு பாரைப் பென்சிலால் அடித்து, ஓரத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடியிருப்பார். அடுத்தவர் தாளில் அந்த வெட்டே இருக்காது. முழு ஸ்கோர் (எல்லா வாத்தியமும் ஒரே தாளில்) இல்லாமல் பியானோ ஸ்கோர் மட்டும் வந்தால், எது சரி என்று தீர்மானிக்க இந்த அட்டவணையை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அக்டோபர் 13

ரீட் தாள்கள், அதாவது ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸ் போன்ற குழல் வாத்தியங்களுக்கானவை. பிராட்வேயில் ஒரு ரீட் வாத்தியக்காரர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஃப்ளூட், கிளாரினெட், ஆல்டோ சாக்ஸ் மூன்றும் வாசிப்பார். மாற்ற நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், நான்கு தட்டுத் தாளத்தில் நான்கு பார் என்றால் 16 தட்டு, எட்டே விநாடி. ஃப்ளூட்டை வைத்துவிட்டு கிளாரினெட் எடுக்க இது போதும். கழுத்துப் பட்டையில் மாட்ட வேண்டிய பாரிடோன் சாக்ஸுக்குப் போதாது.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். நடன இசையில் 16 பார் வெட்டினோம். பியானோவில் வாசித்துப் பார்த்தால் வெட்டு இருந்ததே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். ஆனால் இரண்டாவது ரீட்டுக்காரர் வாத்தியம் மாற்ற ஒதுக்கியிருந்த ஓய்வு அந்த 16 பாருக்குள்ளேதான் இருந்தது. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுப்பதற்குள் சாக்ஸ் வந்துவிடுகிறது. தாள் புரட்டலிலும் இதே கதை: பக்கத்தின் கடைசியில் இருந்த ஓய்வு போனால் புரட்டக் கை இல்லை. இனி ஒவ்வொரு வெட்டையும் ஐந்து ரீட் தாளிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வது.

அக்டோபர் 27

சுருதி. கதாநாயகி மூன்று அரைச்சுரம் இறக்கச் சொல்கிறார். நம் ஊர் ஆர்மோனியக்காரர் என்றால் கட்டையை மாற்றி அடுத்த நொடியே வாசித்துவிடுவார். இங்கே 28 பேர் தாளையும் மாற்றவேண்டும். கம்ப்யூட்டர் பத்து விநாடியில் மாற்றிக் கொடுக்கும், சரிபார்க்க அரை நாள் ஆகும்.

வயலினின் கடைசித் தந்தி ஜி. அதற்குக் கீழே அந்த வாத்தியத்தில் சுரமே இல்லை. மூன்று அரைச்சுரம் இறக்கினால், அடி ஸ்தாயி பி ஃப்ளாட்டுக்குக் கீழே எழுதிய எதையும் வாசிக்க முடியாது. அந்த இடங்களைத் தேடி வயோலாவுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது அந்தத் தொடரை மட்டும் ஒரு ஸ்தாயி தூக்க வேண்டும். ஸ்தாயி தூக்கினால் வயலின் பாடகியின் குரல் மேலேயே உட்காரும், மைக் ஏற்றினாலும் சொல் கேட்காது. வயோலாதான் நல்லது. இன்னொன்று: டி மேஜரில் திறந்த தந்திகள் தாமே முழங்கும், அரைச்சுரம் இறக்கி டி ஃப்ளாட்டுக்கு வந்தால் அதே பாட்டு கம்பளி போர்த்தியது போல மங்கும். அரைச்சுரம் கேட்கும் பாடகரிடம் முழுச்சுரம் இறக்கிக்கொள்ளச் சொல்வது பல நேரம் இருவருக்கும் லாபம்.

நவம்பர் 10

வசனம் வெட்டு. மொத்தம் 2 மணி 15 நிமிடம், இடைவேளை 15 போக 120. இசை 72 நிமிடம். மீதி 48, பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றால் 48 பக்கம். பாட்டுக்கு முந்தைய ஐந்து வரியைத் தொடவே கூடாது, பாட்டு முளைப்பது அங்கேதான். வசனத்துக்கு அடியில் இசை ஓடும் இடங்களில் வசனத்தை மட்டும் வெட்டினால் இசை மிச்சமாகி நடிகர் சும்மா நிற்பார். இரண்டையும் கடிகாரம் வைத்து ஒன்றாக வெட்ட வேண்டும்.

நடன அமைப்பாளர் பாலன்சீன் அமைத்த கனவு நடனம் ‘பீட்டர்ஸ் ஜர்னி’ உண்டு. ஆட இடமில்லை, ஆனால் இசையைக் கைவிட்டுவிடக் கூடாது. ஆர்க்கெஸ்ட்ராவே அதை வாசிக்கட்டும், மேடையில் இருக்கும் நடிகர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். கச்சேரி வடிவம் தரும் வசதி இது.

கறுப்பினச் சகோதரர்கள் இருவருக்கு எழுதிய ஒரு பாட்டு, தலைப்பிலேயே அந்தக் காலத்து இனப்பார்வையோடு இருக்கிறது. 1937இல் ஆடியவர்கள் நிக்கலஸ் சகோதரர்கள். உரிமையாளரின் ஒப்புதலோடு வரிகளை விட்டுவிட்டு நடன இசையை வைத்துக்கொள்கிறோம், அதை நிகழ்ச்சிக் கையேட்டில் சொல்லியும் விடுகிறோம். சத்தமில்லாமல் நீக்குவது 59ஆம் ஆண்டுக்காரர்கள் செய்த வேலை.

ஜனவரி 12

முதல் ஆர்க்கெஸ்ட்ரா ரிகர்சல். பாடகர்கள் கிடையாது. நாடக வரிசைப்படி வாசிப்பதில்லை. எல்லோரும் வாசிப்பவை முதலில், சின்னக் குழுப் பாட்டுகள் கடைசியில். டிரம்போன்காரரை மூன்று மணி நேரம் சும்மா உட்காரவைக்க வேண்டாமே. ஓவர்ச்சர் (நாடகம் தொடங்கும் முன் வாசிக்கும் முகப்பு இசை) இரண்டுக்கும் நடுவில். அதில் எல்லா மெட்டும் வருவதால் பிழைகள் அதற்குள் வெளியே வந்திருக்கும்.

பிழைப்பட்டியல் இந்த அமைப்பில்: வாத்தியம், பாட்டு எண், பார், தட்டு, எழுதியிருப்பது, இருக்க வேண்டியது. “கொம்பு எங்கோ தப்பு” என்று எழுதினால் இரவு அதைத் தேட வேண்டியவர் நாம்தான். இன்றைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை நாம் புதிதாக அச்சிட்ட தாள்களின் பிழைகள். பழைய நகலாளர் ஒரே பாரில் இரண்டாம் முறை ஷார்ப் (சுரத்தை அரைச்சுரம் ஏற்றும் குறி) போடாமல் விடுவார், ஒரு முறை போட்டால் அந்த பார் முழுக்கச் செல்லும் என்ற விதிப்படி அது சரி. அந்த பாரின் நடுவில் நாம் வரியை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனோம், வாசிப்பவர் ஷார்ப்பை மறந்துவிடுகிறார்.

ஜனவரி 15

மேடை. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் அதைத்தான் பார்க்கிறார், பாடகர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால். அதனால் பால்கனி முகப்பில் இரண்டு திரை, கண்டக்டர் முகத்துக்கு ஒரு கேமரா. மலிவான டிஜிட்டல் இணைப்பில் 100 மில்லி விநாடி தாமதம் சாதாரணம். 120 வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லி விநாடி, ஆக ஐந்தில் ஒரு பங்கு. பாடகர் பின்தங்குகிறார், கண்டக்டர் அவருக்காக இழுக்கிறார், அந்த இழுப்பும் திரையில் தாமதமாகத் தெரிகிறது. மூன்றாவது அடியில் பாட்டு நொண்டும். யாரையும் திட்டுவதற்கு முன் வயரைப் பார்க்க வேண்டும். பழைய அனலாக் கேமரா இன்னும் தியேட்டர்களில் உயிரோடு இருப்பது இதனால்தான்.

இந்த ஸ்கோருக்கு இரட்டைப் பியானோ. மூடிகளைக் கழற்றி, வாசிப்பவர்கள் எதிரெதிரே பார்க்கும்படி போட்டாயிற்று. விளக்குகள் ஒரு மணி நேரம் எரிந்த பிறகு இரண்டையும் சேர்த்து டியூன் செய்ய வேண்டும். காலையில் குளிர்ந்த மேடையில் செய்தது மாலைக்கு ஒத்துவராது.

ஸ்கிரிப்டுக்கு வளையம் வைத்த ஃபைல் கூடாது, மைக்கில் அந்த ‘டக்’ துல்லியமாக விழும். ஒருபக்க அச்சு, 14 புள்ளி எழுத்து. பாட்டுகள் மனப்பாடம்.

பிப்ரவரி 2

காட்சிகள் முடிந்தன. ஒப்பந்தப்படி வாடகைத் தாள்களில் உள்ள பென்சில் குறியெல்லாம் அழித்துத் திருப்பவேண்டும். மென்மையான வெள்ளை ரப்பர், ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் பழைய காகிதம் மடிப்பில் கிழியும். வில் குறிகள், மூச்சுக் குறிகள், “கண்டக்டரைப் பார்” என்று மூன்று கோடு போட்ட எச்சரிக்கைகள் எல்லாம் போகட்டும். தப்புச் சுரத்தைத் திருத்தியவற்றை அழிப்பதற்கு முன் தனிப் பட்டியலாக எழுதி முதல் பெட்டியின் மேல் வைத்திருக்கிறோம், 41 வரி. வயோலா தாள்களும் மூன்றாவது ரீட்டும் இன்னும் பாக்கி.