ஸ்டாண்டு கட்டணமும் ஒரு டெக்சஸ் ஊரும்

பீருமேடு தாலுகாவில் ஒரு பஞ்சாயத்து ஆபீசில் 26 வருஷம் கிளார்க்காக இருந்தேன். நோட்டீசெல்லாம் மலையாளத்தில் வரும். வாசலில் நிற்கிற தோட்டத்து ஜனங்களுக்கு நான்தான் தமிழில் வாசித்துச் சொல்வேன். அதனாலோ என்னவோ, ஆஸ்டினில் இருக்கிற அக்கா மகன் எல் செனிசோ என்ற ஊரைப் பற்றிப் போனில் சொன்னதும் மனசு அதிலேயே நின்றுவிட்டது.

டெக்சசில் ரியோ கிராண்டே கரையில் இருக்கிற சின்ன ஊர். எதிர்க்கரை மெக்சிகோ. ஜனங்களுக்கு ஸ்பானிஷ்தான் வரும் என்று 1999இல் நகரசபைக் கூட்டத்தையே ஸ்பானிஷில் நடத்த ஆரம்பித்தார்கள். ஆபீசுக்கு வருகிறவர்களிடம் ‘நீ முறைப்படி நாட்டுக்குள் வந்தவனா’ என்று ஊழியர் யாரும் கேட்கக்கூடாது என்றும் அதே வருஷம் விதி போட்டார்கள்.

2017 மே 7, ஞாயிற்றுக்கிழமை. கவர்னர் கிரெக் அபாட் எஸ்.பி. 4 (செனட் பில் 4) என்ற மாநிலச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இனி எந்த ஊரும் இப்படித் தடை வைக்கக்கூடாது. முதல் தடவை 1,000 முதல் 1,500 டாலர் அபராதம். அடுத்த தடவை 25,000 டாலருக்குக் குறையாது, அதுவும் நாள்கணக்கில். பதவியும் போகலாம். மறுநாளே எல் செனிசோ கோர்ட்டுக்குப் போனது. பெரிய ஊர்களெல்லாம் பிறகுதான் வந்து சேர்ந்தன!

விஷயம் ஜெயிலில்தான் சிக்குகிறது. வேறு கேசில் பிடிபட்டவன் வெளியே வரும் நேரத்தில் குடியேற்றத் துறையிலிருந்து ஒரு தாள் வரும்: இன்னும் 48 மணி நேரம் வைத்திருங்கள், நாங்கள் வந்து கூட்டிப்போகிறோம். அது வேண்டுகோள்தான். ஆஸ்டினை உள்ளடக்கிய டிராவிஸ் கவுன்டியின் (நம்ம மாவட்டம் மாதிரி) ஷெரீஃப், அதாவது அங்கே ஜெயிலைக் கவனிக்கிற போலீஸ் தலைவர், சாலி ஹெர்னாண்டஸ், கொலை மாதிரிக் குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு முடியாது என்று அந்த வருஷத் தொடக்கத்தில் சொல்லியிருந்தார். எஸ்.பி. 4 வந்ததும், அந்தத் தாளை மதிக்காத ஷெரீஃபே ஜெயிலுக்குப் போகலாம் என்று ஆனது.

“வாஷிங்டன்ல இருக்கிற மத்திய அரசு, மாநில ஆபீசர்களுக்கு உத்தரவு போட முடியாதுன்னு 1997லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு மாமா. ஆனா மாநிலம் தன் ஊர்களுக்குப் போடலாமாம். இது என்ன கூத்து?”

எனக்கு ஆச்சரியமே இல்லை. கம்பத்திலிருந்து ஆள் ஏற்றிவரும் ஜீப்புகளுக்கு ஸ்டாண்டு கட்டணம் வேண்டாம் என்று எங்கள் கமிட்டி ஒருமுறை தீர்மானம் போட்டது. எதிர்த்தவர் ஒருத்தரில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியது நான். சில மாசத்தில் திருவனந்தபுரத்திலிருந்து ரத்து உத்தரவு வந்தது. அதே பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்ததும் நான்தான். டெல்லிக்கு அப்படியொரு பஞ்சாயத்து இருப்பதே தெரியாது.

கலிபோர்னியாவில் தலைகீழ். அங்கே அதே 2017இல் வந்த எஸ்.பி. 54 என்ற மாநிலச் சட்டம், ஊர் போலீஸ் குடியேற்றத் துறைக்கு உதவ ஆசைப்பட்டாலும் பெரும்பாலும் விடாது.

2018 மார்ச்சில் அப்பீல் கோர்ட் எஸ்.பி. 4இன் பெரும்பகுதி செல்லும் என்றது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இப்படிப்பட்ட கொள்கையை வாயால் ஆதரிக்கவும் கூடாது என்றிருந்ததை மட்டும் நிறுத்தியது. பேசலாம், செய்யக்கூடாது. எங்கள் பிரசிடெண்டுக்கு ஏற்ற சட்டம்.

“அந்த ஊர்ல கிளார்க் யாருன்னு விசாரிச்சுச் சொல்லுடா,” என்றேன். சிரித்தான். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.