பால் காய்ச்சி இருபது நாள்

ஜூன் 8
வைகாசியில் பால் காய்ச்சி இருபது நாள்கூட ஆகவில்லை. ராத்திரி பெய்த மழையில் வடக்கு அறை சீலிங்கில் சப்பாத்தி அளவுக்கு ஓதம், விடிவதற்குள் சொட்டவே ஆரம்பித்துவிட்டது. அம்மா ஒரு போணியைக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு, "ஓட்டு வீடு ஒழுகுதுன்னுதானே மக்கா இடிச்ச" என்று மட்டும் கேட்டாள். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டால், "புது கான்கிரீட்டுண்ணே, ரெண்டு மழை குடிச்சா அடைஞ்சிரும்" என்கிறார். கான்கிரீட்டா, தாகத்தில் கிடக்கிற மாடா?

ஜூன் 12
ஹாலில் பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கீறல். தக்கலையில் இருக்கிற எஞ்சினியர் நண்பன் வந்து பார்த்தான். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரியாது, அந்த இடத்தில் கோழிவலை என்கிற மெல்லிய கம்பிவலையை அடித்துத்தான் பூசியிருக்க வேண்டும், வீடு விழாது பயப்படாதே என்றான். பூச்சு நடந்த அன்று நானும் நின்றேன், கொத்தனாருக்கு டீ வாங்கப் போன நேரத்தில் நடந்துவிட்டது போல. கீறலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். அவன் சொன்ன வித்தைதான், கோட்டைத் தாண்டி ஓடினால் வேறு விஷயமாம்.

ஜூன் 20
காலையிலேயே பெயிண்டர் பட்டி வாளியோடு வந்து நிற்கிறார். ஓதத்தின் மேல் பட்டி பார்த்து வெள்ளை அடித்துவிட்டால் ஒழுக்கு நின்றுவிடுமாம்! டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினேன், பாவம், அவர் மேல் என்ன தப்பு.

ஜூலை 14
நான்கு நாளாக மழை இல்லை, சீலிங்கும் காய்ந்திருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர் போகும் பைப்பைத் துணியால் அடைத்து, செம்மண்ணால் வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். ஒரு நாள் முழுக்க ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் காலையில் அதே இடத்தில் அதே சப்பாத்தி. அடைப்பை எடுத்தால் அதைவிடக் கூத்து, பைப் பக்கம் காய்ந்துவிட்டது, வடக்கு மூலையில் குளம் அப்படியே கிடக்கிறது. தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பிடித்துப் பார்த்தோம். தண்ணீர் ஓட நூற்றுக்கு ஒன்று வாட்டம், அதாவது சரிவு, என்றால் பன்னிரண்டு அடிக்கு ஒன்றரை அங்குலம் பைப்பை நோக்கி இறங்கியிருக்க வேண்டும். இங்கே அரை அங்குலம் ஏறியிருக்கிறது. கான்ட்ராக்டர் டியூபையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 17
மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளைப் பெயர்க்கக் கான்ட்ராக்டருக்குத் தனிக் கூலி வேண்டுமாம். வக்கீலுக்குப் படிக்கிற மருமகனிடம் கேட்டேன். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தில் உள்ள ஐந்து வருடப் பொறுப்பு பில்டரிடம் வாங்கிய வீட்டுக்குத்தான் மாமா, சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டினால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம்தான், அதுவும் இரண்டு வருடத்துக்குள் போகணும் என்றான். முதல் வேலையாக, இதுவரை போனில் பேசியதையெல்லாம் படத்தோடு, தேதியோடு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். கடைசித் தவணை இன்னும் என் கையில்தான் இருக்கிறது, அதையும் மரியாதையாக ஒரு வரி. சாயங்காலமே, "கூலி பேச்சு விடுங்கண்ணே, ஆளை அனுப்பறேன்" என்று பதில் வந்தது. பேச்சுக்கு வராத பணிவு எழுத்துக்கு வருகிறது.

செப்டம்பர் 3
ஓணத்துக்கு ஊருக்குப் போகிறேன், ஆள் இல்லை என்று இழுத்து இழுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருவழியாக வந்தார்கள். வடக்கு மூலையில் தட்டோட்டைப் பெயர்த்தால் அடியில் கலவை சாம்பலாக உதிர்கிறது, கலவை இறுகத் தண்ணீர் விடுகிற நனைப்பே போடவில்லை. புது வாட்டம் பிடித்து, மூலையெல்லாம் வளைத்துப் பூசி, இந்தத் தடவை சாக்கு விரித்துப் பத்து நாள் நானே இரண்டு வேளை நனைப்பு போட்டேன்.

செப்டம்பர் 19
மறுபடி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தினோம். ஓதம் இல்லை. ஹால் கீறல் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை, வலை அடித்துப் பூசுகிற வேலை பாக்கி, தவணையில் பாதி கொடுத்தாயிற்று. அம்மா அந்தப் போணியை இன்னும் எடுக்கவில்லை.