காணாமல் போன புள்ளிகள்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் புரூஃப் பார்த்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, டைரி, தினசரி காலண்டர் என்று என் கண்ணில் படாமல் எதுவும் மிஷினுக்குப் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் காலண்டர் சீசனில் பழைய முதலாளி கூப்பிடுவார், போவேன். ஆடிப்பெருக்குக்கு மாதிரி காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும், அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் என் மானம் போனது. ஒரே பக்கத்தில் நாலு இடத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம் அது. கம்போசிங் பையன்தான் கோட்டை விட்டிருப்பான் என்று அவனைத் திட்டிக்கூட விட்டேன்.

உள்ளூரில் ஒரு கண்ணாடிக் கடையில் காட்டினேன். இருபது நிமிடம் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "6/9 இருக்கு, இந்த வயசுக்கு இதுவே நல்ல பார்வை" என்று சொல்லிப் புதுக் கண்ணாடியை விற்றார்கள். புள்ளி வரவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குப் போனோம். மத்தியானத்துக்குச் சற்று முன், வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே நுழைந்ததும் எனக்கு எல்லாம் கறுப்பு. எல்லோருக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் இருக்கும், அப்புறம் தெளிந்துவிடும். எனக்குத் தெளியவே இல்லை. என் மனைவி முன்னால் போய்விட்டு, நான் வராததைப் பார்த்துத் திரும்பி வந்தாள். "என்னங்க, தூணைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறீங்க?" என்றாள். சந்நிதியில் விளக்கு தெரிந்தது, தாயார் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனை. டோக்கன், ஃபைல், சொட்டு மருந்து, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருவது, இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது: இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் வயதினால் வரும் தேய்வு, உலர்ந்த வகை. அடியில் மஞ்சளாகப் படிவுகள் சேர்ந்திருக்கின்றன. வலது கண்ணில் நடுமையத்தை ஒட்டி ஒரு சின்னத் திட்டு செத்துப்போயிருக்கிறது.

"அப்போ கண்ணாடிக் கடையில எழுத்து சார்ட்டை எப்படி சார் நல்லா படிச்சேன்?"

மாகுலா மொத்தமே ஐந்தரை மில்லிமீட்டர் அகலம்தானாம். அதன் நட்டநடுவில் ஒரு துளி இடம் நன்றாக இருந்தால் போதும், வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைப் படித்துவிடலாம். சார்ட் அளப்பது அந்தத் துளியைத்தான். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. ஸ்கேனும் விழித்திரை எப்படி இருக்கிறது என்றுதான் காட்டும், எப்படி வேலை செய்கிறது என்று காட்டாது. "அதைத் தனியா அளந்து பாக்கலாம், ஒரு நாள் ஒதுக்கிட்டு வாங்க" என்றார்.

ஒரு நாள் என்றார், இரண்டு நாளாயிற்று. காரணம் ஒரு சின்னக் குளறுபடி. முதல் நாள் போனதும் வழக்கம்போல என்னை வரிசையில் நிறுத்திப் பளிச்பளிச்சென்று விழித்திரைப் படம் எடுத்துவிட்டார்கள். இருட்டுக்குக் கண் பழகும் வேகத்தை அளக்கும் சோதனையை அதற்கு முன்பே செய்திருக்க வேண்டுமாம். அவ்வளவு வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகு அளந்தால் அளவு தப்பிவிடும். மறுவாரம் வரச் சொன்னார்கள். சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வருகிறவனுக்கு எரிச்சல் வராதா? நீங்கள் போகிறீர்கள் என்றால் காலையிலேயே "இருட்டு டெஸ்ட் முதல்லயா?" என்று கேட்டுவிடுங்கள்.

அந்தச் சோதனை அச்சு அசலாக என் கோவில் கதைதான். இருட்டறையில் கருவிக்குள் பார்க்கச் சொல்லி ஒரு பெரிய வெளிச்சத்தை அடித்தார்கள். பிறகு நடுவிலிருந்து சற்றுத் தள்ளி மங்கலாக ஒரு ஒளி வரும், தெரிந்ததும் பட்டனை அமுக்க வேண்டும். அந்தக் கருவியின் கணக்குப்படி நல்ல கண்ணுக்கு ஆறரை நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். எனக்குப் பதினேழு நிமிடம் ஆனது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்கள்தான் இந்த நோயில் முதலில் அடிவாங்குமாம். அதனால்தான் சார்ட்டில் பாஸாகிறவன் கோவிலில் தடுமாறுகிறான். நானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை என்று ஒரு நம்பர் சொன்னது. அதில் ஒரு நிம்மதி, உண்மையாகவே.

அடுத்தது இன்னொரு சார்ட். இதில் எழுத்தெல்லாம் ஒரே அளவு, மும்மூன்றாக வெளுத்துக்கொண்டே போகும். மை தீரப்போகிற மிஷினில் கடைசிக் கட்டுப் பத்திரிகை வருமே, அதே மாதிரி. பாதியைத் தாண்டியதும் எனக்கு வெறும் வெள்ளைப் பலகை. என் மனைவி பின்னால் உட்கார்ந்து கடைசி வரைக்கும் மனசுக்குள் படித்திருக்கிறாள். அதை பஸ்ஸில் வரும்போது சொன்னாள்.

பெரிய சோதனை மைக்ரோபெரிமெட்ரி. ஒரு சிவப்பு வளையத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றி முப்பத்தேழு இடங்களில் புள்ளிபோல ஒளி வந்து வந்து போகும். ஒவ்வொன்றும் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும். கண் எங்கே அலைகிறது என்பதை வினாடிக்கு 25 தடவை கருவி பார்த்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு ஒளியும் விழித்திரையில் விழவேண்டிய இடத்தில்தான் விழும். ஒரு இடத்தில் எவ்வளவு மங்கலான ஒளிவரைக்கும் தெரிகிறது என்பதே அந்த இடத்தின் மார்க். அதிகபட்சம் 36 டெசிபல். மிகப் பிரகாசமானதுகூடத் தெரியாவிட்டால் பூஜ்யத்துக்கும் கீழே. டெசிபல் என்றால் சத்தத்துக்குத்தானே என்று கேட்டேன். டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டு, "கையை ரெடியா வச்சுக்கங்க ஐயா" என்றாள்.

முதல் தடவை நான் ஃபெயில். ஒளி வராத நேரத்திலும் வந்துவிட்டதாக நினைத்து அமுக்கியிருக்கிறேன். கண் நரம்பு வெளியேறும் இடத்தில் எதுவுமே தெரியாது. கருவி நடுநடுவே வேண்டுமென்றே அங்கே ஒளியைப் போட்டுப் பார்க்குமாம், பரீட்சை ஹாலில் பறக்கும் படை வருகிற மாதிரி. அங்கேயும் நான் அமுக்கியிருந்தேன்.

"இல்லாத லைட்டுக்கெல்லாம் அமுக்கியிருக்கீங்க ஐயா."

"விட்டுடுவோமோன்னு பயம்மா."

"விட்டாலும் பரவால்ல. சந்தேகமா இருந்தா அமுக்காதீங்க."

முப்பத்தோரு வருடம் சந்தேகம் வந்தாலே வட்டம் போட்டவனிடம் இதைச் சொன்னால் எப்படி? முதல் முறை பலருக்கும் இப்படித்தானாம், பழகியதும் மார்க் கொஞ்சம் கூடுமாம். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை தேறிவிட்டேன்.

கடைசியாக மல்ட்டிஃபோக்கல் ஈஆர்ஜி. இமைக்குள் மெல்லிய நூல்போல ஒரு மின்முனையை வைத்து, திரையில் தேன்கூட்டு அறைகள் மாதிரிக் கட்டங்களைக் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் விழித்திரை தருகிற மின் சமிக்ஞையை அது தனித்தனியாகப் பிரித்தெடுக்குமாம். பட்டன் இல்லை, பதில் சொல்ல வேண்டியதில்லை. கண் கொஞ்சம் உறுத்தியது, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இதுதான்.

சாயங்காலம் டாக்டர் வலது கண்ணின் படத்தைத் திரையில் போட்டார். விழித்திரைப் படத்தின் மேல் வண்ணப் புள்ளிகள். பெரும்பாலும் பச்சை, சில மஞ்சள், மையத்துக்குச் சற்றுக் கீழே மூன்று கறுப்பு.

"கீழ கறுப்பா இருக்கே சார், அப்போ கீழ தெரியாதா?"

"விழித்திரையில உருவம் தலைகீழா விழும். அங்க கீழ போனா உங்களுக்கு மேல தெரியாது."

ஃபைலின் அட்டையில் மருத்துவமனை பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் எழுத்துகளின் அடியை மட்டும் பார்த்தேன். மேலே அரித்தாற்போல் இருந்தது. புள்ளியும் இல்லை, இகரத்தின் மேல்வளைவும் இல்லை. சார்ட்டில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. அதில் தலைக்கு மேல் புள்ளி ஏது? இதைச் சொன்னதும் டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கலாம்" என்றார். அதற்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

இதையெல்லாம் அளந்து என்ன ஆகப் போகிறது என்று மகன் போனில் கேட்டான். டாக்டரிடம் நானும் கேட்டிருந்தேன். செத்துப்போகும் திட்டு பரவும் வேகத்தைக் குறைக்கும் ஊசி மருந்துகள் இரண்டுக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கொடுத்தார்கள். அதில் ஒன்றை ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் மறுத்துவிட்டது. திட்டு பரவுவது குறைகிறது சரி, நோயாளிக்கு அன்றாடம் கண் தெரிவதில் என்ன லாபம் என்று காட்டப்படவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த லாபத்தைப் பிடிக்க சார்ட் போதாது, இப்படிப்பட்ட அளவுகள் வேண்டும் என்றார். எனக்கு ஊசி எதுவும் இல்லை. லூட்டீன், துத்தநாகம் சேர்ந்த மாத்திரை, வீட்டில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க ஒரு கட்டத்தாள். கோடு வளைந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

கட்டத்தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே சோதனை மறுபடி. அந்த முப்பத்தேழு இடங்களையும் கருவியே ஞாபகம் வைத்திருக்குமாம். அச்சகத்தில் இப்போது எழுத்தின் தலைக்கு மேல் பார்வையை வைத்துப் படிக்கப் பழகுகிறேன், மேஜை விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு. கம்போசிங் பையனிடம் போய், தப்பு உன்னுடையது மட்டும் இல்லை, பார்த்தும் கோட்டை விட்டது நான்தான் என்றேன். "அந்த நாலுல ரெண்டு நான் புள்ளி போடாம விட்டது சார்" என்றான்.