உளுந்து அளவு பித்தளை

மேம்பாலத்தின் உச்சியில் என் பழைய பைக் மூச்சை விட்டது. நல்லவேளை, எதிரில் இறக்கம். சத்தமே இல்லாமல் உருண்டு வந்து மெக்கானிக் கடை வாசலில் நின்றேன்.

கார்புரேட்டரைக் கழற்றியவர் உள்ளங்கையில் ஒரு பித்தளைத் துண்டை வைத்துக் காட்டினார். உளுந்து அளவுதான். நடுவில் பெட்ரோல் போகும் ஊசித் துளை.

"ஜெட் அடைத்துக்கொண்டது, சார்."

எனக்கு ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு நினைவு வந்தது.

2015 மார்ச் 5. அமெரிக்காவின் சாண்டா மோனிகா விமான நிலையத்தில் கிளம்பிய சற்று நேரத்தில், அவர் ஓட்டிய ரயன் கம்பெனிச் சிறு விமானத்தின் என்ஜின் சக்தி இழந்தது. விமானம் பிறந்ததும் 1942, அவர் பிறந்ததும் 1942. ஓடுதளத்துக்குத் திரும்ப முயன்றார், உயரம் போதவில்லை. மரத்தில் உரசி, பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் விழுந்து இறங்கினார். பலத்த காயம். உயிர் தப்பியது.

விசாரணையில் சிக்கியதும் இதே ஜெட்தான். அங்கே அடைப்பில்லை, திருகு தளர்ந்து கழன்று, பெட்ரோல் அளவுமீறிப் பாய்ந்திருந்தது. பட்டினியிலும் என்ஜின் நிற்கும், அஜீரணத்திலும் நிற்கும்.

நின்றாலும் சிறு விமானம் கல்லைப்போல் விழாது. சறுக்கும், என் மேம்பால இறக்கம்போல. ஆனால் எட்டும் தூரத்தில் ஒரு புல்வெளி இருக்க வேண்டும்.

மெக்கானிக் ஜெட்டை ஊதி, வெளிச்சத்துக்கு நேரே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எண்பது ரூபாய்" என்றார்.

பேரம் பேசவில்லை.